கேள்வி-பதில்: சூரிய மின்கல ஆய்வில் வேதியியலாளரின் வேலை

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சோலார் செல் ஆய்வைப் பற்றியவை. ஆய்வுக்கூடத்தில் இந்த வேலையைச் செய்பவர்களும் தொழிற்சாலையில் இருப்பவர்களும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: எம்.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு படிக்கிறேன். சூரிய மின்கலத்தில் ஆராய்ச்சி செய்ய ஆசை. "அது இயற்பியல்காரர்கள் வேலை, உனக்கு அங்கே என்ன இருக்கிறது?" என்று வீட்டிலும் கல்லூரியிலும் கேட்கிறார்கள். உண்மையில் வேதியியல் படித்தவருக்கு இடம் உண்டா?
– மாணவி, திண்டுக்கல்

பதில்: நிச்சயமாக உண்டு. 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் முதல் நடைமுறை சிலிக்கான் மின்கலத்தை உருவாக்கிய மூவரில் ஒருவரான கால்வின் ஃபுல்லர் வேதியியலாளர். சிலிக்கானுக்குள் வேற்றணுக்களை வெப்பத்தால் ஊடுருவச் செய்யும் முறை அவர் கைவண்ணம். அந்தச் செல்லின் செயல்திறன் சுமார் 6 சதவீதம். 1986-இல் இரண்டு கரிமச் சாயங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து ஒரு சதவீதம் எடுத்துக் காட்டிய சிங் டாங், 1991-இல் சாயம் ஏற்றிய டைட்டானியம் டையாக்சைடு செல்லை பிரையன் ஓ'ரீகனுடன் வெளியிட்ட மைக்கேல் கிரேட்ஸல், 2009-இல் ஒளியை உறிஞ்சும் படிகப் பொருளான பெரோவ்ஸ்கைட்டைக் கொண்டு 3.8 சதவீதம் காட்டிய சுடோமு மியாசாகாவின் குழு என்று வரிசையாக வேதியியல்காரர்கள்தான்.

இயற்பியல் தெரியாமல் காலம் தள்ளலாம் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். ஆற்றல் பட்டை, டயோடு சமன்பாடு, p-n சந்திப்பு மூன்றையும் முதல் ஆறு மாதத்தில் ஒழுங்காகப் படித்தே ஆக வேண்டும். ஆனால் செல் ஏன் கெடுகிறது, படிகம் ஏன் சீராக வளரவில்லை, இரண்டு அடுக்குகள் தொடும் இடத்தில் என்ன வினை நடக்கிறது என்பவை வேதியியல் கேள்விகள். இன்று இந்தத் துறை சிக்கிக் கிடப்பதும் அந்தக் கேள்விகளில்தான்.

கேள்வி: பிஎச்.டி. முதலாண்டு. மெத்தில் அம்மோனியம் லெட் அயோடைடு பெரோவ்ஸ்கைட் படலம் போடுகிறேன். கட்டுரைகளில் கண்ணாடிபோல் கறுப்பாகப் பளபளக்கிறது. எனக்குச் சில நாள் சாம்பல் நிறத்தில் மங்கலாக வருகிறது, சில நாள் ஊசித்துளைகள். செய்முறை ஒன்றுதான், பலன் மட்டும் மாறுகிறது. எங்கே தவறுகிறது?
– ஆய்வு மாணவர், கோவை

பதில்: முதலில் பலரும் பயன்படுத்தும் அளவைச் சொல்லிவிடுகிறோம். லெட் அயோடைடு 461 மி.கி., மெத்தில் அம்மோனியம் அயோடைடு 159 மி.கி., டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) 78 மி.கி. மூன்றும் ஒவ்வொரு மில்லிமோல். இவற்றை 600 மி.கி. டிஎம்எஃப் (டைமெத்தில் ஃபார்மமைடு) கரைப்பானில் கரைத்து, அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். கரைப்பான்களையும் எடைபோட்டே எடுங்கள். 600 மி.கி. டிஎம்எஃப் என்பது ஏறத்தாழ 0.64 மி.லி.; அதை 0.6 மி.லி. என்று பிப்பெட்டில் எடுத்தால் கரைசலின் செறிவு மாறி, படலத்தின் தடிமனும் மாறிவிடும்.

தெளிந்த மஞ்சள் கரைசல் கிடைத்ததும் 0.45 மைக்ரான் பிடிஎஃப்இ (டெஃப்லான்) வடிகட்டியில் வடிக்கவும். செல்லுலோஸ் அசிடேட் வடிகட்டியை டிஎம்எஃப் கரைத்துவிடும். சிரிஞ்சின் பிஸ்டன் முனையில் கறுப்பு ரப்பர் இருந்தால் அதுவும் கரைசலில் இறங்கும். ரப்பர் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

படலம் போடுவது ஸ்பின் கோட்டரில் (கண்ணாடியைச் சுழற்றிக் கரைசலைப் பரப்பும் கருவி): நிமிடத்துக்கு 4000 சுற்று, 25 விநாடி. சுழலத் தொடங்கிய சில விநாடிகளில், கரைசலில் உள்ள டிஎம்எஃப் மட்டும் வெளியேறும்படி டை எத்தில் ஈதர் 0.5 மி.லி. சொட்ட வேண்டும். சரியாக விழுந்தால் படலம் கறுக்காது. ஏறக்குறைய நிறமில்லாமல் ஒளி ஊடுருவும்படி இருக்கும். லெட் அயோடைடு, மெத்தில் அம்மோனியம் அயோடைடு, டிஎம்எஸ்ஓ மூன்றும் சேர்ந்த இடைநிலைச் சேர்மம் அது. 65 டிகிரியில் ஒரு நிமிடம், 100 டிகிரியில் இரண்டு நிமிடம் வைக்கும்போது டிஎம்எஸ்ஓ வெளியேறி அது பழுப்பாகிப் பின் கறுக்கும். ஹாட் பிளேட்டுக்குப் போகும் முன்பே படலம் மங்கிவிட்டால் அன்றைய சொட்டு தவறிவிட்டது. அந்தக் கண்ணாடியில் மேற்கொண்டு உழைக்காதீர்கள்.

உங்கள் சிக்கலின் வேர் இந்த ஈதரில் இருக்க வாய்ப்பு அதிகம். ஈதர் 34.6 டிகிரியில் கொதிக்கும். நம் ஊர் வெயில் காலத்தில் குளிர்சாதனம் சரியாக இல்லாத அறையில் அது பிப்பெட் முனையிலேயே ஆவியாகும். அந்த ஆவியின் அழுத்தத்தால் நீங்கள் அழுத்தாமலே சொட்டும். அளவும் நேரமும் தினம் ஒன்றாக இருக்காது. குளோரோபென்சீனுக்கு மாறுங்கள். 2.5 செ.மீ. சதுரக் கண்ணாடிக்கு 100 முதல் 150 மைக்ரோலிட்டர் போதும். எடுப்பதற்கு முன் பிப்பெட் முனையில் அதே திரவத்தை மூன்று முறை இழுத்து வெளியே விடுங்கள். சொட்டும் நொடியைக் கட்டுரையிலிருந்து எடுக்காமல் நீங்களே கண்டறிய வேண்டும்: 6, 8, 10, 12, 14-ஆம் விநாடிகளில் ஒவ்வொரு கண்ணாடி போட்டு வரிசையாக வைத்துப் பாருங்கள். நல்ல படலம் வரும் இடைவெளி சில விநாடிகள்தான். உங்கள் கருவியில் அது எங்கே இருக்கிறது என்பது ஒரே மாலையில் தெரிந்துவிடும்.

அடுத்தது குளோவ் பாக்ஸின் (நைட்ரஜன் நிரப்பி, பொருத்திய கையுறை வழியே வேலை செய்யும் மூடிய பெட்டி) உள்காற்று. ஐந்தாறு படலம் போட்டதுமே டிஎம்எஃப் ஆவி உள்ளே நிறைந்து, கரைப்பான் உலரும் வேகம் குறையும். காலையில் போட்ட படலம் பளபளத்து, மாலையில் போட்டது மங்கினால் காரணம் இதுதான். ஒவ்வொரு கண்ணாடிக்குப் பின்னும் நைட்ரஜனை ஓடவிட்டு, ஸ்பின் கோட்டரின் கிண்ணத்தைத் துடையுங்கள்.

ஊசித்துளைகள் பெரும்பாலும் கண்ணாடியிலிருந்து வருபவை. சோப்புக் கரைசல், நீர், அசிட்டோன், ஐசோபுரோப்பனால் என ஒவ்வொன்றிலும் 15 நிமிடம் மீயொலிக் குளியல். பிறகு யுவி-ஓசோனில் 15 நிமிடம். எடுத்த அரை மணிக்குள் பயன்படுத்துங்கள். மதிய உணவுக்குப் போய்வந்து எடுத்தால் மேற்பரப்பு மறுபடி நீரை ஒட்டாததாக மாறியிருக்கும். படலத்தைக் கண்ணாடிப் பக்கமிருந்தும் திருப்பிப் பாருங்கள். மேலே பளபளப்பு, கீழே வெண்மை என்றால் அடியில் டிஎம்எஸ்ஓ சிக்கி வெற்றிடம் விட்டிருக்கிறது.

ஹாட் பிளேட்டின் திரையில் தெரியும் எண்ணை நம்பக் கூடாது. ஒரு வெப்ப இணையைக் கண்ணாடியின் மேல் ஒட்டி அளந்தால் பத்து டிகிரி வித்தியாசம் வருவது சகஜம். அதிகம் சூடானால் மெத்தில் அம்மோனியம் அயோடைடு ஆவியாகி லெட் அயோடைடு மிஞ்சும். எக்ஸ்ஆர்டி-யில் (எக்ஸ்-கதிர் கொண்டு படிகத்தை ஆராயும் சோதனை) 14.1 டிகிரியில் பெரோவ்ஸ்கைட் முகடும் 12.7 டிகிரியில் லெட் அயோடைடு முகடும் வரும். இரண்டின் உயரத்தையும் ஒவ்வொரு தொகுதிக்கும் குறித்து வையுங்கள்.

இன்னொன்று: பெரோவ்ஸ்கைட்டின் மேலே பூசும், நேர்மின்னூட்டத்தைக் கடத்தும் கரிமப் பொருளான ஸ்பைரோ அடுக்குக்கு ஆக்சிஜன் தேவை. எல்லாவற்றையும் நைட்ரஜனுக்குள் பத்திரமாக வைத்திருந்து "மின்னோட்டம் சரியாக வரவில்லை" என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் பலர். ஸ்பைரோ பூசிய கண்ணாடியை ஈரமில்லாத உலர்காற்றில் ஓர் இரவு வைத்தால்தான் அது ஆக்சிஜனேற்றம் அடைந்து மின்னைக் கடத்தும். அதன் பிறகு தங்கம் படியவைக்கலாம்.

கேள்வி: என் செல்லில் மின்னோட்ட அடர்த்தி 29 மில்லியாம்பியர் வந்திருக்கிறது. கைடு நம்ப மறுக்கிறார். மூன்று முறை அளந்தும் அதேதான். இதுவும் மெத்தில் அம்மோனியம் லெட் அயோடைடு செல்தான்.
– ஆய்வு மாணவி, சென்னை

பதில்: கைடு சொல்வதே சரி. இந்தப் பெரோவ்ஸ்கைட் சுமார் 800 நானோமீட்டர் வரைதான் ஒளியை உறிஞ்சும். சூரிய ஒளியில் அதுவரை உள்ள ஒவ்வொரு ஃபோட்டானும் ஓர் எலக்ட்ரானாக மாறினாலும் சதுர சென்டிமீட்டருக்கு 27 மில்லியாம்பியர் அளவில் நின்றுவிடும். நன்றாகச் செய்த செல் 22 முதல் 24 தரும்.

பரப்பளவை முதலில் பாருங்கள். ஒளி விழும் பரப்பை வரையறுக்கும், 3 மி.மீ. × 3 மி.மீ. துளையுள்ள மறைப்புத் தகடு என்று எண்ணி 0.09 ச.செ.மீ. என்று வகுத்திருப்பீர்கள். துளை உண்மையில் 3.3 மி.மீ. இருந்தால் பரப்பு 0.1089, 21 சதவீதம் கூடுதல். 24-ஆக இருக்க வேண்டியது 29-ஆகிவிடும். தகட்டை நுண்ணோக்கியின்கீழ் வைத்து அளந்து, அந்த எண்ணைத் தகட்டிலேயே பொறித்து வைப்பது நல்லது. தகடே போடாமல் தங்க மின்முனையின் பரப்பால் வகுத்தாலும் இதே கதைதான்: ஓரத்திலிருந்து சிதறி உள்ளே வரும் ஒளியும் கணக்கில் ஏறும்.

பரப்பு சரி என்றால் விளக்கு. சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லிவாட் என்பதை அளவீடு செய்யப்பட்ட சிலிக்கான் செல்லைக் கொண்டு, உங்கள் செல் இருக்கும் அதே உயரத்தில், அன்றன்றைக்குச் சரிபார்க்க வேண்டும். கடைசியாக இக்யூஇ (ஒவ்வோர் அலைநீளத்திலும் எத்தனை சதவீத ஃபோட்டான்கள் எலக்ட்ரானாகின்றன என்ற அளவு) அளந்து தொகையிடுங்கள். அதில் வரும் மின்னோட்டத்துக்கும் விளக்கின்கீழ் அளந்ததற்கும் 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணம் தெரியும்வரை கட்டுரை எழுத வேண்டாம்.

மின்னழுத்தத்தை இறங்குமுகமாகவும் ஏறுமுகமாகவும் மாற்றி இரண்டு வளைவையும் வெளியிடுங்கள். அதிகபட்சத் திறன் புள்ளியில் ஐந்து நிமிடம் நிறுத்திவைத்து, அப்போது நிலைக்கும் எண்ணையே செயல்திறன் என்று சொல்லுங்கள். 24 மில்லியாம்பியர், 1.1 வோல்ட், வளைவு எவ்வளவு சதுரமாக இருக்கிறது என்பதைக் காட்டும் நிரப்புக் காரணி 0.78 என்றால் 20.6 சதவீதம். அது ஐந்து நிமிடத்தில் 17-க்கு இறங்கினால் உங்கள் செல் 17 சதவீதச் செல். அளவீட்டில் நேர்மையாக இருப்பவரின் 17, மற்றவரின் 22-ஐவிட மதிப்பானது. வேலைக்கு எடுப்பவர்களும் இதைத்தான் துருவிக் கேட்கிறார்கள்.

கேள்வி: என் மகள் சோலார் ஆய்வுக்கூடத்தில் ஈயம் கலந்த பொருளைக் கையாள்கிறாள். திருமணமாகி ஓராண்டு ஆகிறது. பயமாக இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லலாமா?
– ஒரு தாய், மதுரை

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது. அரை மைக்ரான் தடிமனுள்ள படலத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 0.7 கிராம் ஈயம்தான் இருக்கும். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில் கிலோ கணக்கில் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கு செல்லைக் கூரையில் வைப்பவருக்கு. ஆய்வுக்கூடத்தில் மகள் கையாள்வது தூளையும் கரைசலையும். லெட் அயோடைடு நீரில் சற்றே கரையும். டிஎம்எஸ்ஓ தோல் வழியாக உள்ளே போகும், தன்னில் கரைந்ததையும் இழுத்துக்கொண்டு போகக்கூடியது. டிஎம்எஃப் கருவுக்குத் தீங்கு செய்யும் கரைப்பான்.

மகளிடம் கேட்க வேண்டியவை: தூளை எடை போடுவது குளோவ் பாக்ஸிலா, திறந்த மேசையிலா? மெல்லிய நைட்ரைல் கையுறையை டிஎம்எஃப் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். சொட்டு விழுந்தவுடன் கழற்றி மாற்றுகிறாளா? அதிக அளவு கையாளும்போது பியூட்டைல் ரப்பர் கையுறை இருக்கிறதா? கையுறையோடு கைபேசியையும் கதவுப் பிடியையும் தொடும் பழக்கம் அந்த லேபில் இருக்கிறதா? ஈயக் கழிவுக்குத் தனிப் புட்டி உண்டா? ஆண்டுக்கொரு முறை ரத்தத்தில் ஈய அளவு பார்க்கிறார்களா?

இவற்றுக்கு நல்ல பதில் வந்தால் தொடரலாம். கருத்தரிக்க எண்ணும்போதே, உறுதியாகும்வரை காத்திராமல், கைடிடம் சொல்லிக் கரைசல் வேலையிலிருந்து அளவீடு, தரவு ஆய்வு, கட்டுரைப் பணிக்கு மாறிக்கொள்ள வேண்டும். அதைக் கேட்பது அவளுடைய உரிமை. ஆய்வும் அதனால் நின்றுவிடாது.

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியர் நான். மாணவர்களே செய்து பார்க்கக்கூடிய சூரிய மின்கலம் ஏதாவது உண்டா?
– ஆசிரியர், தென்காசி

பதில்: சாயம் ஏற்றிய கிரேட்ஸல் வகைச் செல்லை நாவல்பழத்தில் செய்யலாம், ஐயா. எஃப்டிஓ (மின்கடத்தும், ஒளி ஊடுருவும் ஆக்சைடு) பூசிய கண்ணாடி இரண்டு, நானோ டைட்டானியம் டையாக்சைடு தூள், அயோடின், பொட்டாசியம் அயோடைடு, எத்திலீன் கிளைக்கால் இவற்றை வேதிப்பொருள் கடையில் சொல்லி வாங்க வேண்டும்.

மல்டிமீட்டரில் எந்தப் பக்கம் சில பத்து ஓம் காட்டுகிறதோ அதுதான் மின்கடத்தும் பக்கம். 6 கிராம் தூளைக் கல்வத்தில் இட்டு, pH 3 முதல் 4 வரை உள்ள நீர்த்த அசிட்டிக் அமிலத்தை ஒவ்வொரு மில்லிலிட்டராக, மொத்தம் 9 மி.லி. சேர்த்துக் கட்டியில்லாமல் அரைக்கவும். ஒரேயடியாக ஊற்றினால் கட்டிகள் கரையவே கரையாது. கண்ணாடியின் ஓரங்களில் செலோடேப் ஒட்டி, நடுவே இந்தக் குழம்பை விட்டுக் கண்ணாடிக் குச்சியால் ஒரே இழுப்பாக இழுக்கவும். டேப்பின் தடிமனே படலத்தின் தடிமன். உலர்ந்ததும் டேப்பை எடுத்துவிட்டு 450 டிகிரியில் அரை மணி நேரம். அருகிலுள்ள பொறியியல் கல்லூரியில் மஃபிள் உலை இருக்கும். உலையிலேயே ஆறவிடுங்கள், சூட்டோடு எடுத்தால் கண்ணாடி வெடிக்கும்.

ஐந்தாறு நாவல்பழங்களைப் பிசைந்து வடித்த சாற்றில் பத்து நிமிடம் ஊறவைத்தால் வெள்ளைப் படலம் ஊதாவாகும். கண்ணாடியைத் திருப்பினால் வெண்மை தெரியக் கூடாது. தெரிந்தால் இன்னும் ஊறட்டும். சாயத்தில் அடுத்தடுத்துள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் டைட்டானியத்தைப் பற்றிக்கொள்வதால்தான் இது ஒட்டுகிறது. பழம் கிடைக்காத மாதங்களில் செம்பருத்தி இதழ் போதும். நீரிலும் எத்தனாலிலும் அலசி உலர்த்துங்கள். எதிர்முனைக் கண்ணாடியின் கடத்தும் பக்கத்தை 6பி பென்சிலால் நன்றாகத் தேய்க்கவும்.

மின்பகுளி 10 மி.லி.க்கு: பொட்டாசியம் அயோடைடு 0.83 கிராம், அயோடின் 0.127 கிராம், மீதி எத்திலீன் கிளைக்கால். தண்ணீர் சேர்க்க வேண்டாம், சாயம் கழன்றுவிடும். இரண்டு கண்ணாடிகளையும் சற்றே விலக்கிவைத்துக் கிளிப் போட்டு, விளிம்பில் ஒரு சொட்டு விட்டால் தானே உள்ளே பரவும். நல்ல வெயிலில் 0.3 முதல் 0.5 வோல்ட் வரை வரும். எல்இடி எரிய வேண்டுமானால் ஐந்தாறு செல்களைத் தொடராக இணைக்க வேண்டும். அப்போதும் மங்கலாகத்தான் எரியும். மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் நஞ்சு. புட்டி உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: சிலிக்கான் பேனல் இவ்வளவு மலிவாகிவிட்ட பிறகு பெரோவ்ஸ்கைட்டில் ஐந்தாண்டு செலவிடுவது புத்திசாலித்தனமா?
– வாசகர், பெங்களூரு

பதில்: சந்தையில் நூற்றுக்கு 95-க்கு மேல் சிலிக்கான்தான். அதைப் பெரோவ்ஸ்கைட் வீழ்த்தும் என்று எண்ணி வர வேண்டாம். சிலிக்கானின் மேல் இன்னோர் அடுக்காக அமர்வதில்தான் அதன் எதிர்காலம். நீல, பச்சை ஒளியை மேலடுக்கும், சிவப்பையும் அகச்சிவப்பையும் சிலிக்கானும் எடுத்துக்கொள்ளும். ஒளியை உறிஞ்சும் அடுக்கு ஒன்றே உள்ள ஒற்றைச் சந்திப்புச் செல்லின் கோட்பாட்டு உச்சவரம்பு 33.7 சதவீதம், ஆய்வுக்கூட அளவிலான ஈரடுக்குச் செல்கள் ஏற்கெனவே 34-ஐத் தாண்டியிருக்கின்றன. உழைக்க வேண்டிய இடம் ஆயுள். 85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதம், 1000 மணி நேரம்: பேனல் தரச்சோதனைகளில் இது ஒன்று. இதைப் பெரிய பரப்பில் தாக்குப்பிடிக்கச் செய்யும் வேதியியலை எடுத்தால் ஐந்தாண்டு வீண்போகாது. இன்னோர் அரை சதவீதம் செயல்திறன் கூட்டும் தலைப்பை எடுக்காதீர்கள்.

கேள்வி: எங்கே சேரலாம்? உதவித்தொகை எவ்வளவு?
– மாணவர்கள் பலர்

பதில்: சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் (முதுநிலை) ஆனபின் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், திருவனந்தபுரம் நிஸ்ட் (தேசிய பல்துறை அறிவியல், தொழில்நுட்ப நிறுவனம்), புனே என்சிஎல் (தேசிய வேதியியல் ஆய்வகம்), சென்னை, மும்பை ஐஐடிகள், பெங்களூரு ஐஐஎஸ்சி எல்லாம் பார்க்க வேண்டிய இடங்கள். பெயரைவிடக் கூடத்தைப் பாருங்கள். சேருமுன் நேரில் போய், குளோவ் பாக்ஸின் திரையில் ஆக்சிஜனும் ஈரமும் ஒரு பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே இருக்கிறதா, இக்யூஇ கருவி அங்கேயே இருக்கிறதா, தங்கம் ஆவியாக்கும் கருவிக்கு எத்தனை நாள் வரிசை என்று மூத்த மாணவர்களிடம் கேளுங்கள். பழுதான குளோவ் பாக்ஸ் உங்கள் ஓராண்டை விழுங்கிவிடும்.

கேள்வி: பி.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறேன். பிஎச்.டி. வேண்டாம். சோலார் தொழிற்சாலையில் வேலை கிடைக்குமா? எதைப் படித்துக்கொண்டு போக வேண்டும்?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்கள் ஊர் கங்கைகொண்டானிலேயே டாடா பவரின் செல், பேனல் ஆலை இருக்கிறது. சென்னையை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலாரின் காட்மியம் டெலுரைடு பேனல் ஆலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது.

சிலிக்கான் செல் ஆலையில் ஈரவினைப் பிரிவுதான் வேதியியல்காரரின் களம். வேஃபரை (மெல்லிய சிலிக்கான் தகடு) சுமார் 80 டிகிரியில் நீர்த்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் அரித்து, மேற்பரப்பில் மைக்ரான் அளவுப் பிரமிடுகள் உண்டாக்குவார்கள். பளபளப்பான சிலிக்கான் 30 சதவீதத்துக்கு மேல் ஒளியைத் திருப்பிவிடும். பிரமிடுகள் வந்தால் பத்துப் பன்னிரண்டாகக் குறையும். தொட்டியில் காரம் குறைந்தாலோ சிலிகேட் சேர்ந்தாலோ பிரமிடுகள் சீரற்றுப்போகும். மணிக்கொருமுறை டைட்ரேஷன் செய்து, எவ்வளவு காரம் சேர்க்க வேண்டும் என்று சொல்பவர் நீங்கள்தான். கல்லூரியில் சலிப்போடு செய்த அமில-காரத் தரம்பார்த்தல் இங்கே சோறு போடும்.

பேனல் பிரிவில் செல்லைச் சுற்றியுள்ள இவிஏ (எத்திலீன் வினைல் அசிடேட்) பிளாஸ்டிக் 145 முதல் 150 டிகிரியில் குறுக்குப்பிணைப்பு அடைய வேண்டும். ஒரு துண்டை எடைபோட்டு, சைலீனில் கொதிக்கவைத்து, கரையாமல் மிஞ்சியதை உலர்த்தி மறுபடி எடைபோட்டால் ஜெல் சதவீதம் கிடைக்கும். குறைந்தால் வெயிலில் அடுக்குகள் பிரியும். பல ஆண்டு வெப்பத்திலும் ஈரத்திலும் இதே இவிஏ அசிட்டிக் அமிலத்தை வெளியிட்டு வெள்ளிக் கம்பிகளை அரிக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

வேஃபரின் மேலுள்ள ஆக்சைடை நீக்கப் பயன்படும் ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தைப் பற்றி நேர்காணலில் கேட்பார்கள். நீர்த்த அமிலம் பட்டால் உடனே வலிக்காது, மணிக்கணக்கில் கழித்துத் தெரியும். அதற்குள் ஃபுளூரைடு உடலின் கால்சியத்தைப் பிணைத்திருக்கும். உடனே ஓடும் நீரில் கழுவி, கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தடவியபடி மருத்துவமனைக்குப் போக வேண்டும். கழிவுநீரிலுள்ள ஃபுளூரைடைச் சுண்ணாம்பு சேர்த்துக் கால்சியம் ஃபுளூரைடாக வீழ்படியச் செய்வார்கள். அந்தச் சமன்பாட்டையும், ஒரு கிலோ ஹைட்ரஜன் ஃபுளூரைடுக்குச் சுமார் 1.85 கிலோ நீற்றிய சுண்ணாம்பு வேண்டும் என்ற கணக்கையும் தாளில் போட்டுக் காட்டப் பழகிக்கொள்ளுங்கள்.